டெமோவுக்கு மட்டும்

“டெமோவுக்கா மேடம், வீட்டுக்கா?” என்று கேட்டார் கடைக்காரர் கஸ்பார்.

“டெமோவுக்கு மட்டும்” என்றேன். பக்கத்தில் நின்ற மாமியாருக்குக் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மேசைமேல் அடுக்கியிருந்த பேக்கிங் பாத்திரங்களில் ஒன்றை எடுத்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஸ்டோன்வேர். நம் ஊறுகாய் ஜாடி மாதிரிதான், சுட்ட மண், நல்ல கனம். சூடு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். புட்டிங் ஓரத்தில் கருகாது. ஓவனிலிருந்து எடுத்து அப்படியே கூட்டத்தின் முன்னால் வைத்தாலும் லட்சணமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலத்தில் நாற்பது பெண்களுக்கு முட்டை புட்டிங் செய்து காட்ட வேண்டும். என் பழைய பாத்திரம் இப்போது இல்லை. அதற்காகத்தான் நாமக்கல்லிலிருந்து சேலம் வரை வந்தேன்.

தனியாக வரத்தான் நினைத்திருந்தேன். காலையில் காரை எடுக்கப் போனால், மாமியார் செல்லாயி அத்தை நல்ல புடவை கட்டி முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதினோரு நாளாக எங்கள் பேச்சுவார்த்தை அந்த அழகில்தான் இருக்கிறது.

எங்கள் பண்ணையில் முப்பதாயிரம் கோழிகள். தினமும் லாரியில் முட்டை போகிறது. ஆனால் ஒரு முட்டைகூட எங்கள் சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. அத்தை கவுச்சி தொடமாட்டார். கவுச்சிப் பாத்திரமெல்லாம் வெளியே, தீவன மூட்டை அடுக்கிய அறையில்.

என் ஓவனும் ஒன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது. என் மகள் புட்டிங் சாப்பிடுவதும் அங்கேதான், தீவன மூட்டைமேல் உட்கார்ந்து.

அத்தைக்கு எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் வேண்டும். சந்தையில் வாங்கிய புதுக் குடம்கூடப் பின்வாசலில் மஞ்சள் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. பதினோரு நாளுக்கு முன்புவரை நானும் சிரித்தவள்தான்.

அன்று புட்டிங்கை ஓவனில் வைத்துவிட்டு, மகளை ஸ்கூல் வேனிலிருந்து அழைத்துவரப் போனேன். வேன் அரை மணி நேரம் தாமதம்.

திரும்பி வந்தால், சமையலறைப் பின்வாசல் படியில் என் பாத்திரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. புட்டிங் படியெல்லாம் வழிந்திருந்தது. அதன்மேல் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர்.

அத்தை போட்டு உடைத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். உடைத்த இடத்துக்குத் தீட்டு வேறு கழித்திருக்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. துண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் உள்ளே போய்ப் படுத்தவர் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். பெருவிரலில் துணி சுற்றியிருந்தார். பால் காய்ச்சும்போது சுட்டுக்கொண்டாராம். என் வீட்டுக்காரர் மோகன்குமார் சொன்னார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளே நாமக்கல் டவுனில் ஓர் அறை வாடகைக்குப் பேசிவிட்டேன். ஒன்றாம் தேதி ஓவன், தராசு, பாத்திரம் எல்லாம் அங்கே போய்விடும். அத்தை இருக்கிற வீட்டில் இனி என் பொருள் எதுவும் யார் கண்ணிலும் படவேண்டாம். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

“இந்த வெள்ளை எடுங்க மேடம், கடைசி வரிசைக்கும் தெரியும்” என்றார் கஸ்பார்.

நீளமான வெள்ளைப் பாத்திரம். விளிம்பைத் தடவிப் பார்த்தேன், கீறல் இல்லை. எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அத்தை இன்னும் தட்டி முடித்தபாடில்லை. கடைசியாக, இரண்டு பக்கமும் காது வைத்த தடித்த பழுப்புப் பாத்திரம் ஒன்றை இழுத்தார். முந்தானையை நாலாக மடித்து, அதன் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினார். சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோல உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார். வெறும் பாத்திரத்துக்கு இத்தனை ஜாக்கிரதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு கஸ்பாரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“ஏனுங்க, அடுப்புலருந்து எடுத்த சூட்டோட மஞ்சத்தண்ணி ஊத்துனா, இதாச்சும் ஒடையாம இருக்குமுங்களா?”

எந்தப் பாத்திரமும் தாங்காதும்மா, ஆறவைத்து ஊற்றுங்கள் என்றார் கஸ்பார். அத்தை பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.



உடைத்துவிட்டு யாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றியதால்தான் உடைந்திருக்கிறது. நான் வரத் தாமதமானதும், புட்டிங் கருகிவிடுமே என்று ஓவனிலிருந்து எடுத்திருக்கிறார்.

வீட்டுக்குள் வரப்போகிற பொருளுக்குத்தானே அத்தை பின்வாசலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்?

அவர் கையைப் பார்த்தேன். பெருவிரலில் துணி இல்லை. தோல் உரிந்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. பதினோரு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் இப்போதுதான் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது.

நாமக்கல் அறைக்காரருக்குப் போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும்.

“டெமோவுக்கு மட்டும்தானே மேடம்?” கஸ்பார் வெள்ளைப் பாத்திரத்தைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

நான் அத்தையின் கையிலிருந்த பழுப்புப் பாத்திரத்தை வாங்கி, அதன் பக்கத்தில் வைத்தேன்.