மெதுவாய் ஓடிய கடிகாரம்

ஜூனியர் வக்கீல் பூங்கோதையின் மேஜைமேல் ஒரு நேரக் குறிப்பேடு இருந்தது. எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் உழைத்தாள் என்பதை அவள் அதில்தான் எழுதுவாள். அவளை நினைத்தாலே குறிப்பேட்டுக்குப் பெருமை பிடிபடாது.

"பாத்தீங்களா அண்ணே, அவ்வளவு பெரிய மனுவை ரெண்டே மணி நேரத்துல முடிச்சிட்டா!" என்றது சுவர்க் கடிகாரத்திடம்.

"நாலு மணி நேரம், தங்கச்சி. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கலை. மந்தம்னு சீனியர் நினைச்சிடுவாரோன்னு பயந்து பாதியாக் குறைச்சு எழுதுறா."

குறிப்பேட்டுக்கு நெஞ்சு கனத்தது.

"அப்ப நீங்களாவது கொஞ்சம் மெதுவா ஓடுங்களேன் அண்ணே. நீங்க காட்டுறதைக் குறைக்காம அப்படியே எழுதட்டும்."

மறுநாள் பதினோரு மணிக்கு உட்கார்ந்த பூங்கோதை, நாலு மணி நேரம் கழித்து நிமிர்ந்தாள். கடிகாரம் ஒரு மணி காட்டியது.

"அட, மணி ஒண்ணுதானா!"

டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தாள். கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். பதினொன்றிலிருந்து ஒன்று வரை இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

'ஒரு மணி நேரம்' என்று எழுதினாள்.

கடிகாரத்துக்கு முகம் விழுந்துவிட்டது.

"விடுங்க அண்ணே," என்றது குறிப்பேடு. "சாப்பிட்டாளே."