இரண்டிலிருந்து நான்கு வரை

டெக்னீஷியன் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டபோது மத்தியானம் மணி இரண்டாக ஒரு நிமிடம் இருந்தது.

உள்ளே மேலாளர். செல்போன் கோபுரத்தின் காலடியில் இருந்த அந்தத் தகர அறையில், ஆளுயர இயந்திரப் பெட்டிகள் நான்கும் அவரும்.

அறை கொதிக்கிறது என்று டெக்னீஷியன் அனுப்பிய ஆறாவது புகாருக்குத்தான் நேரில் வந்திருந்தார். நாற்பது டிகிரியைத் தாண்டினால்தான் ஏசி ஓட வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்கு மேலிடம் கொடுத்த கேடயம் அவர் மேசையில் இருக்கிறது.

"மெஷின் என்ன பச்சப் புள்ளையா? எல்லாம் தாங்கும். நீதான் தொட்டதுக்கெல்லாம் பதறுற," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவருடைய டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். சுற்றுவட்டாரத்தில் ஈ காக்கை இல்லை.

கதவு தட்டப்பட்டது. முதலில் விரலால். பிறகு உள்ளங்கையால்.

மணி இரண்டு. தலைக்கு மேல் கோபுரம் தூங்கப் போனது.

ஆள் புழக்கமில்லாத நேரத்தில் சிக்னலை நிறுத்தி அதைத் தூங்க வைப்பதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவர் போட்ட உத்தரவுதான். இரண்டிலிருந்து நான்கு வரை. இந்தப் பக்கத்துக்கு வேறு கோபுரம் கிடையாது.

டெக்னீஷியன் சுவரோரம் நிழல் பார்த்து உட்கார்ந்தான். மத்தியானம் சாப்பிடும் பழக்கம் விட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறது.

போன வருடம் இதே நேரத்தில்தான் அவன் மனைவி வீட்டில் தனியாக மூச்சுத் திணறிச் செத்துப்போனாள். வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம். அவன் அன்று தலைமை அலுவலகத்தில், மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி மேலாளர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

விசாரணையில் மேலாளர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி. அந்த நேரத்தில் அழைப்பு முயற்சி எதுவும் பதிவாகவில்லை.

தூங்குகிற கோபுரம் எதைப் பதியும்?

உள்ளே தட்டல் குத்தலானது. குத்தல் உதையானது. அப்புறம் "தம்பி... தம்பி..." என்று ஒரு குரல். இத்தனை வருடத்தில் அவனை அவர் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

இருபது நிமிடம் கழித்துக் கதவைப் பாதி திறந்தான்.

சட்டை உடம்போடு ஒட்டிக் கிடக்க, நிலையைப் பிடித்துக்கொண்டு மேலாளர் போனை நீட்டினார்.

"எத்தன தடவ கூப்பிட்டேன்... ஒண்ணுகூடப் போகல. பாரு, நீயே பாரு!"

பார்த்தான். எட்டுத் தடவை.

"பதிவுல ஒண்ணும் இருக்காதே, சார்," என்றான்.

மேலாளர் நீட்டிய போனை இறக்கினார்.

அவன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். ஓரத்தில் விரிசல் விட்ட போன். தினமும் அதற்குச் சார்ஜ் போடுகிறான்.

அவனுடைய எண்ணை அவள் அவன் பெயரில் போட்டு வைக்கவில்லை. கூப்பிடுகிறபடியே போட்டு வைத்திருந்தாள்.

என்னங்க. என்னங்க. என்னங்க. அவள் கூப்பிட்ட பட்டியல் திரைக்குக் கீழேயும் போய்க்கொண்டே இருந்தது.

பதினேழு.

மேலாளர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அவன் கை இன்னும் கதவிலேயே இருந்தது.