யார் சொல்லி வந்தீர்கள்?

எங்கள் தளத்தில் சேர்த்துக்கொள்ளும்படி ஒருவர் கேட்டிருந்தார்.

நாங்கள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் பின்னறையில், சாப்பாட்டு வேளையில், நானும் நாத்தனாரும் கணினி முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தோம். எங்களிடமா? தெரிந்தேவா?

நாங்கள் நடத்துவது தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கான சின்ன இணையத் தளம். எந்தப் பெரிய கம்பெனிக்கும் சொந்தமில்லை. தெருவில் வீடுகள் இருப்பதுபோல இப்படி எத்தனையோ தளங்கள், ஒவ்வொன்றையும் ஒருவர் நடத்துகிறார். ஒன்றில் சேர்ந்தால் மற்றவற்றில் இருப்பவர்களோடும் பேசலாம், அவர்கள் கதவைச் சாத்தாத வரை.

எங்களுக்கு எல்லோரும் சாத்திவிட்டார்கள்.

எல்லாம் முள் என்ற பெயரில் இருந்த ஒருவனால். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று ஒருநாள், பக்கத்துத் தளத்துப் பெண்ணின் ரோஜாச் செடியில் பூச்சி விழுந்ததற்கு அவளை வாய்க்கு வந்தபடி திட்டி, ஓட ஓட விரட்டினான்.

அன்று மாலையே அவனை வெளியே தள்ளினேன். அவன் போனான், வாங்கிக் கொடுத்த கெட்ட பெயர் போகவில்லை.

‘அந்தச் செடிக்காரர்கள் பக்கம் போய்விடாதீர்கள்’ என்று புதிதாக வருகிறவர்களிடம் எல்லாத் தளத்திலும் சொல்லிவைத்தார்கள். இருந்தவர்களும் மெல்ல நழுவினார்கள்.

எனக்கு மனசே ஆறவில்லை. வேலையும் வீடும் போக எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இந்த மாதமும் புது ஆள் வராவிட்டால் இழுத்து மூடிவிடலாம் என்று நாத்தனார் கறாராகச் சொல்லியிருந்தாள்.

இப்போது இது.

“யாரோ உளவு பாக்க அனுப்பியிருக்காங்க அண்ணி. விசாரிக்காம உள்ள விட்றாதீங்க.”

பெயர் கேட்ட இடத்தில் ‘நான்தான்’ என்று இருந்தது. என்ன செடி வளர்க்கிறீர்கள் என்பதற்கு ‘இல்லை’.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. செடியே இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை?

‘எங்களைப் பற்றி யார் சொல்லி வந்தீர்கள்?’ என்று கேட்டு அனுப்பினேன்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்திருக்க வேண்டும். டப்பாவில் சாப்பாடு காய்ந்த பிறகுதான் பதில் வந்தது.

‘என் பையன்தாங்க. அங்க எல்லாரும் தங்கமானவங்க, நீயும் சேர்ந்துக்கோன்னு சொல்லிட்டே இருப்பான். போன வாரம்கூட சொன்னான்.’

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்களை நல்லவர்கள் என்று சொல்லவும் உலகத்தில் ஒருவன் இருக்கிறான்! சந்தோஷம் தாங்காமல் நாத்தனாரைக் கிள்ளினேன். யாராக இருக்கும் என்று அவள் மிச்சமிருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். யாரும் பொருந்தவில்லை.

அடுத்த வரி வந்தது.

‘ரெண்டு நாளா போனை எடுக்கமாட்டேங்கிறான். வேற சிநேகிதமே கிடையாது அவனுக்கு. சாயங்காலமானா உங்ககூடதான் பேசிட்டு இருக்கேன்னு சொல்லுவான். கொஞ்சம் பாத்து சொல்றீங்களா? அங்க அவன் பேரு முள்.’

முள்ளை நான் வெளியே தள்ளி ஒரு வருஷம் ஆகிறது.

நாத்தனார் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அந்த அம்மாவைச் சேர்த்துக்கொண்டேன். ‘வாங்கம்மா’ என்று எழுதினேன்.

இந்தப் பதில் மட்டும் உடனே வந்தது.

‘அப்பாடா. அம்மா வந்திருக்கேன்னு அவன்கிட்ட சொல்லுங்க.’