ஆறாத படுக்கை

"ராத்திரி முழுக்க நான் உலையில வேகுறேன், நீங்க என் கட்டில வேற ஆளுக்கு விட்டு..."

"வாயக் கழுவு ஒந்திரெய்! யாருக்கும் விடல."

"அப்ப படுக்கை ஏன்க்கா சுடுது?"

பிட்ஸ்பர்க் உருக்காலையை ஒட்டிய அந்த வாடகை வீட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் வேலைக்காரன் மிலோஷ் எழுந்துபோன சூட்டில்தான் ஒந்திரெய் காலையில் வந்து படுப்பான். போன வாரம் மிலோஷ் தூக்கக் கலக்கத்தில் உலையில் விழுந்து செத்தான். அதிலிருந்து இரவில் கட்டில் காலி.

வீட்டுக்காரி ஹெலெனா விரிப்பில் கை வைத்தாள். வெடுக்கென எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தூங்காமல் வேலைக்குப் போனால் ஒந்திரெய்க்கும் மிலோஷின் கதிதான். சுவரோரம் ஆள் படுத்த பள்ளம் இருந்தது. ஒந்திரெய் மீதி இடத்தில் ஒடுங்கிப் படுத்தான். இரண்டு வருஷமாக ஒரே கட்டில். இவன் வருவதற்குள் அவன் கிளம்பியிருப்பான்.

"மிலோஷ், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன். உன் முகத்த நான் பார்த்ததே இல்ல."