இரண்டாவது கவுண்டர்

"ஒயர்லதான் ஏதோ லூஸ் காண்டாக்ட்," என்றான் வெற்றிசெல்வன். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். இந்தப் பெட்டியைக் கீரமங்கலம் வீட்டில் உட்கார்ந்து அவனே செய்திருந்தான்.

பெட்டிக்குள் இரண்டு கவுண்டர்கள். முதலாவது எண்ணத் தொடங்கியதும் சிக்னல் கொடுத்து இரண்டாவதையும் எண்ண வைக்கும். இப்போது முதலாவது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் பூஜ்யம்.

"நேத்து சாயந்தரம் கடகடன்னு ஓடுச்சே?" கட்டிலிலிருந்து கேட்டாள் அவன் மனைவி பிரகதீஸ்வரி.

"ஓடுச்சு. இப்ப சிக்னல் அங்கிட்டுப் போய்ச் சேரல, அவ்வளவுதான்."

ஒயரை மாற்றினான். பூஜ்யம். செட்டிங்கை அழித்துப் புதிதாகப் போட்டான். அப்போதும் பூஜ்யம்.

"போதுங்க. வண்டியக் கூப்பிடுங்க, போயிருவோம்."

"இரு பிரகதி, இந்த ஒரு டெஸ்ட் மட்டும்."

இரண்டாவது கவுண்டரின் சென்சாரைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினான். எண்கள் குதித்துக்கொண்டு ஓடின.

ஒயரில் கோளாறில்லை. சிக்னலில் கோளாறில்லை. தான் செய்த கருவி கெட்டுப்போயிருக்க வேண்டுமே என்று அவன் குலசாமியை வேண்டியது அன்றைக்குத்தான்.

"இன்னொரு தடவ வச்சுப் பாப்போம்," என்று சென்சாரை நீட்டினான்.

பிரகதீஸ்வரி அதை வாங்கித் தன் எட்டு மாத வயிற்றில் வைக்கவில்லை. தன் நாடியை எண்ணிக்கொண்டிருந்த முதல் சென்சாரை மணிக்கட்டிலிருந்து கழற்றினாள். பிறகு, பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாதென்று சொல்லி வளைகாப்பில் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்களை, ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.