இரண்டாவது ரூட்டர்

"நம்ம ரெண்டு ஆபீசையும் இணைக்கிற மெயின் ரூட்டர் ஒரு வாரமாச் செத்துக் கிடக்குதும்மா. ஒருத்தருக்கும் தெரியலை! நீங்க வச்ச பேக்கப் ரூட்டர் தனியாளாத் தாங்கியிருக்கு," என்றார் மேனேஜர். "புரமோஷனுக்கு உங்க பேரைத்தான் சொல்லப்போறேன்."

நெட்வொர்க் இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. "என் கடமைதானே சார்," என்றாள். யாராவது புகழும்போது மட்டும் அவளுக்கு அடக்கம் நன்றாக வரும்.

"ரூட்டரை வித்த கம்பெனியைச் சும்மா விடக்கூடாது. அவங்க ஆள் இப்ப வந்துடுவார்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்க இடம் தேடியது.

"ஆள் வேண்டாம் சார். நானே சரிபண்ணிடறேன்."

"எப்படிம்மா?"

"பிளக்கைச் சொருகினாப் போதும் சார். போன வாரம் பேக்கப் வேலை செய்யுதான்னு பார்க்க நான்தான் பிடுங்கினேன். அது வேலை செஞ்ச சந்தோஷத்துல அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்."