பதினோரு கதவுகள்

“கதவைக் காணோம்ங்க!”

“எந்தக் கதவை?” மூச்சு வாங்கப் படியேறி வந்தார் என் கணவர் ஃபோட்டிஸ்.

“மாடியில இருந்த பதினோரு அறைக் கதவையும்!”

பூட்டிக் கிடக்கும் முதியோர் இல்லம் அது. நிலநடுக்கத்தில் சுவர் விரிந்ததால், போன அக்டோபரில் எல்லோரையும் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காவலுக்கு நான்தான்; வாரம் ஒருமுறை வந்து திறந்து பார்ப்பேன். சாவி என்னிடம். நாளைக் காலை நகராட்சி அதிகாரி பார்வையிட வருகிறார். ஏதாவது குறைந்தால் என் வேலை போய்விடும்.

ஃபோட்டிஸ் அறை அறையாக நுழைந்து பார்த்தார். செப்புக் குழாய், இரும்புக் கட்டில், சுவர்க் கடிகாரம் எல்லாம் அப்படியே இருந்தன.

“என்ன திருடன் இவன்? நிலையோட பெயர்த்திருக்கான். புகை படிஞ்ச பழைய நிலை. அடுப்புக்குத்தான் ஆகும். சாவியை யார்கிட்டயாவது கொடுத்தியா?”

“சமையல்காரி அரெத்திகிட்ட. போன வாரம், பெரிய அண்டா எடுக்கணும்னு கேட்டா.”

“அவ மகன் வீடு கட்டுறான்ல? போதும், புரிஞ்சுபோச்சு!”

நேராகப் புது இல்லத்துக்குப் போனோம். அரெத்தி திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“கூடப் பொறந்தவ மாதிரி நம்பினேனேடி! கதவெல்லாம் எங்கே?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “கத்தாதே கலியோப்பி. மாடிக்கு வா.”

மாடியில் ஒரே சத்தம், சிரிப்பு.

“உன் கதவு கீச்சுங்குது, எண்ணெய் போடுய்யா!”

“கீச்சுன்னாதான்யா எனக்குத் தூக்கம் வரும்!”

வெள்ளை வெளேரென்ற நடையில் பதினோரு பழைய கதவுகள் நின்றன. நீலம், பச்சை, சாயம் உரிந்தது. ஒவ்வொரு நிலையின் தலையிலும் கரிச் சிலுவைகள்.

“ஈஸ்டர் அன்னிக்குக் கோயில்லேர்ந்து சுடர் கொண்டு வந்தாங்க” என்றாள் அரெத்தி. “வருஷா வருஷம் அவங்கவங்க நிலைக்கு மேல அந்தச் சுடரோட புகையால சிலுவை போடணுமே? எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கதவு. எது தன்னோடதுன்னு யாருக்கும் தெரியலை. எவாந்தியா மெழுகுவர்த்தியைப் பிடிச்சுக்கிட்டு நடையிலேயே நின்னு அழுதா.”

அந்த எவாந்தியாதான் இப்போது எங்களைத் தாண்டிப் போனார். எண்பத்தெட்டு வயது. ஒரு பச்சைக் கதவின் முன் நின்று அண்ணாந்து பார்த்தார். “ம், நம்ம வீடுதான்” என்று திறந்துகொண்டு உள்ளே போனார்.

எனக்குக் கண் நிறைந்தது. பயம் மட்டும் போகவில்லை.

“நல்லதுதான் அரெத்தி. அதுக்காக நீ திருடலாமா?”

“நானா? நான் சாவி மட்டும்தான் கொடுத்தேன்!”

“உளி என்னோடது, பெண்ணே” என்று பின்னால் ஒரு குரல். படகு கட்டிப் பிழைத்த கிழவர் ஸ்திராட்டிஸ், கையில் உப்புத்தாளோடு. “கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டுக் கிளம்பினோம். மூணு நாள், பதினோரு பேர், ஒரு வாடகை வண்டி. எவாந்தியாதான் காவல். யாராவது வந்தா இருமணும்.”

“கண்டிப்பா இருமினேன்!” என்றது பச்சைக் கதவு.

ஃபோட்டிஸ் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“நாளைக்கு அதிகாரி வந்தா என் வேலை போயிடுமே, பெரியவரே?”

“போகாது. முந்தாநாளே அவருக்குக் கடுதாசி கொடுத்தாச்சு. காவல்காரிக்கு ஒண்ணும் தெரியாது, திருடினது நாங்கதான்னு பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

“ஐயோ, உங்களை ஜெயில்ல போட்டுட்டா?”

ஸ்திராட்டிஸ் யோசித்தார்.

“போடட்டும். கதவையும் கூடவே அனுப்பச் சொல்லு.”